ஆணியில் இல்லாத சட்டை

நான் ஓய்வு பெற்ற மில்லிலிருந்து போன மாதம் ஒரு இன்ஜினீயர் வீட்டுக்கு வந்தார். மக்காச்சோளம் காயவைக்கிற டிரையரில் வேலை செய்பவர்களுக்காகப் பத்துப் பாதுகாப்புக் குறிப்புகள் எழுதித் தர வேண்டுமாம். "உங்க அனுபவத்துல இருந்து சொல்லுங்க ஐயா, பிளெக்ஸ் அடிச்சு மாட்டிடறோம்" என்றார். நல்ல மனிதர்தான். போர்டு மாட்டினால் யாருக்கும் விரல்கூடப் போகாது என்று நம்புகிற வயது. பத்தும் எழுதிக் கொடுத்தேன். பவ்யமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அவர் போன பிறகு எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. எழுதிக் கொடுத்தது எதுவும் பொய்யில்லை. ஆனால் அதை எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் இல்லை என்பது போர்டில் அடங்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் தொழில் தொடங்கியது திருப்பூரில், ஒரு சாயப்பட்டறையில். பனியன் துணியை உலர்த்துகிற மெஷினில் ஹெல்பராகச் சேர்ந்து, ஃபிட்டரானேன். நாற்பது வயதை நெருங்கும்போது பட்டறை மூடப்பட்டது. அந்தச் சமயம் உடுமலைப்பேட்டை, மடத்துக்குளம் பக்கமெல்லாம் கோழித் தீவனத்துக்காக மக்காச்சோளம் போட ஆரம்பித்திருந்தார்கள். ஈரச்சோளத்தை வாங்கிக் காயவைத்து விற்கிற ஒரு மில்லில் இரண்டு டிரையர் புதிதாக நிறுத்தினார்கள். துணி காய்ந்தால் என்ன, சோளம் காய்ந்தால் என்ன என்று போய்ச் சேர்ந்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களைத்தான் சொல்கிறேன்.

டிரையர் என்றால் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு மாடி உயரத் தகரக் கோபுரம். சோளம் மேலே கொட்டி, ஓட்டை போட்ட தகடுகளுக்கு நடுவே மெல்ல இறங்கும். அடுப்பிலிருந்து சூடான காற்றை ஊதி அந்த ஓட்டைகள் வழியாக உள்ளே அனுப்புவோம். அடியில் ஒரு நீளமான ஸ்க்ரூ சுற்றிக் காய்ந்த சோளத்தை வெளியே தள்ளும். அந்த ஸ்க்ரூ இருக்கிற பள்ளத்துக்கு, கோபுரத்தின் பின்பக்கம் ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவு கதவு உண்டு. பேனலும் சுவிட்சும் முன்பக்கம். முன்னால் நிற்பவனுக்குப் பின்னால் இருப்பவன் தெரியமாட்டான்.

எனக்கு ஃபோர்மேனாக இருந்தவர் தேவசகாயம். திருநெல்வேலிச் சீமைக்காரர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் மில்லிலேயே இருப்பார். சிரித்துப் பார்த்ததில்லை. யாரையும் திட்டியும் பார்த்ததில்லை. தப்பாகச் செய்தால் அதைக் கழற்றி, "இன்னொருக்க போடும்வே" என்று மட்டும் சொல்வார். அதற்கு நாலு அறை வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றும்.

தை பிறந்தால் சோளம் வந்துவிடும். அதனால் மார்கழி முழுக்க டிரையருக்குச் சிகிச்சை. முதல் வேலை, காற்றுப் பாதையில் போன வருடத்துச் சோளச் சொங்கும் தூசியும் ஒரு கைப்பிடி இல்லாமல் வழித்தெடுப்பது. தீப்பிடிப்பது அங்கேதான். அப்புறம் சல்லடைத் தகடுகளை இரும்புப் பிரஷால் தேய்த்து ஓட்டைகளைத் திறப்பது. அடுப்புக் குழாயில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க, உள்ளே ஒரு பல்பை எரியவிட்டு, வெளியே கோணிகளைத் தொங்கவிட்டு இருட்டாக்கிவிட்டு, தேவசகாயம் குழாயைச் சுற்றித் தவழ்ந்தே வருவார். ஊசி முனையளவு வெளிச்சம் கசிந்தாலும் சாக்பீஸால் வட்டம் போடுவார். வெப்பமானிகளைக் கழற்றி, டீ போடுகிற சட்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதில் முக்கிப் பார்ப்பார். கொதிக்கிற தண்ணீரில் நூறைத் தொடாத வெப்பமானி அவர் கையாலேயே குப்பைக்குப் போகும். பேரிங்கைத் தொடும்போது, "கண்ண மூடும். வெரல் சொல்லும்" என்பார். மூடிக்கொண்டு சுற்றிப் பார்த்தால் உண்மையிலேயே சொல்லும்.

இதையெல்லாம்விட அவர் பிடிவாதமாக இருந்தது ஒரே விஷயத்தில். பள்ளத்துக்குள் இறங்குகிறவன், இறங்குமுன் ஸ்க்ரூ மோட்டாரின் மூன்று பீங்கான் ஃபியூஸையும் தன் கையால் பிடுங்க வேண்டும். பிடுங்கியதைச் சணல் கயிற்றில் கோத்துத் தன் அரைஞாணில் கட்டிக்கொள்ள வேண்டும். சட்டைப் பையில் வைக்கக் கூடாது. ஏனென்றால் சோளச் சுணை ஒட்டினால் இரண்டு நாளைக்கு அரிக்கும். அதனால் எல்லோரும் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். "சட்டய கழத்திருவீரு. அரணாக்கொடிய கழத்த மாட்டீருல்லா" என்பார். ஒவ்வொருத்தரும் இடுப்பில் பீங்கான் குலுங்க நடப்போம். லோடுமேன்கள் சலங்கை கட்டி ஆடச் சொல்லிக் கிண்டல் பண்ணுவார்கள்.

ஒரு தடவை எங்களில் ஒருவர் ஃபியூஸோடு கணியூருக்குச் சாப்பிடப் போய்விட்டார். இடுப்பில் இருக்கிறதை மறந்துவிட்டார். வாசலில் ஈரச்சோளத்தோடு ஏழெட்டு லாரி. முதலாளி வந்து குதித்தார்.

"ஏனுங்க ஃபோர்மேன், வேற ஃபியூஸே இல்லீங்களா? அதப் போட்டு ஓட்ட வேண்டியதுதானுங்க?"

"இல்லய்யா."

"வாங்கிட்டு வரச் சொல்லட்டுங்களா?"

"வேணாம்யா. அவரு வரணும். வந்து அவரு கையால போடணும். அதுவர ஓடாது."

சைக்கிளில் ஆள் அனுப்பி அவரைக் கூட்டிவந்த பிறகுதான் டிரையர் ஓடியது. அதுவரை தேவசகாயம் பேனல் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கடைக்கு ஒருவர் போனால் பத்து நிமிடத்தில் ஃபியூஸ் வந்திருக்கும். இதென்ன வறட்டுப் பிடிவாதம் என்று நானும் மனதுக்குள் திட்டினேன். இரண்டாவது ஃபியூஸ் ஒன்று மில்லுக்குள் இருந்தாலே முதல் ஃபியூஸுக்கு மரியாதை இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போனதும் நான் ஃபோர்மேன் ஆனேன். வந்த கையோடு இரண்டு காரியம் செய்தேன். பள்ளத்தில் மண்டியிடும்போது இடுப்பில் இருக்கிற பீங்கான் அடிக்கடி உடைகிறது என்று, "இனிமேல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், சட்டையைப் பேனல் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போங்கள், ஆணியில் சட்டை இருந்தால் யாரும் சுவிட்சைத் தொட வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டாவது, உபரியாக ஒரு செட் ஃபியூஸ் வாங்கி, பேனல் பக்கத்தில் கிடந்த என் மேஜை டிராயரில் போட்டேன். நல்ல நிர்வாகி என்று முதலாளி முதுகில் தட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்படியே நாலு சீசன் ஓடியது. ஆணியைப் பார்த்துப் பழகிவிட்டோம். ஃபியூஸ் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, சட்டை தொங்குகிறதா என்றுதான் பார்ப்போம்.

முருகேசன் அந்த நாட்களில் என்னோடு இருந்தவன். பரம்பரையாகத் தறி ஓட்டிய குடும்பம். தறி நின்றதும் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு எங்களிடம் வந்தான். என்னைவிடப் பத்து வயது இளையவன். ஸ்க்ரூவில் சாக்குச் சணல் சுற்றிக்கொண்டால் மற்றவர்கள் கத்தியைத் தேடுவார்கள், அவன் விரலாலேயே பிரித்துவிடுவான். சிக்கிய நூலைப் பார்த்து வளர்ந்த கை. அவனைப்போல ஜாக்கிரதைக்காரனை நான் பார்த்ததில்லை. ஃபியூஸைப் பிடுங்கிய பிறகும் சுவிட்சை ஒரு தடவை போட்டுப் பார்த்து, ஓடவில்லை என்று தெரிந்து, "முருகா" என்று சொல்லிவிட்டுத்தான் பின்பக்கம் போவான்.

அந்த வருடம் அவன் மனைவி சரஸ்வதிக்கு வயிற்றில் கட்டி எடுத்தார்கள். பிழைத்தால் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டான். அவள் பிழைத்தாள். இவன் மாலை போட்டுக்கொண்டான். பச்சை வேட்டி, பச்சைச் சட்டை, காலில் செருப்பில்லை, ஒருவேளைச் சாப்பாடு. மாலை போட்டவனைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று நாங்களும் சாமி என்றுதான் கூப்பிட்டோம்.

மாலை போட்ட அன்று காலையில் என்னிடம் வந்தான். நான் செல்போனில் ஒரு லாரிக்காரரோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அண்ணா, அந்த ஆணியில எல்லாத்து சட்டையும் கெடக்குதுங்க. பீடி நாத்தம். மால போட்ட துணிய அதுல மாட்ட வேண்டாம்னு இருக்கறனுங்க. ஆபீஸ் ரூம்புல சாமி படத்துக்கு முன்னால மடிச்சு வெச்சுக்கறனுங்க. ஃபியூஸும் அங்கயே இருக்குமுங்க."

"செரி சாமி, செரி" என்று கையை ஆட்டினேன்.

சொன்னது காதில் விழுந்தது. அதுவரை நிச்சயம். அதற்கப்புறம் என் தலைக்குள் அது எங்கே போனது என்று இத்தனை வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நாலாவது நாள், மத்தியானம். நான் பேரிங் வாங்க உடுமலைப்பேட்டை போயிருந்தேன். அந்த நேரத்தில் இரண்டாவது டிரையரின் ஸ்க்ரூ அடைத்துக்கொண்டது. முருகேசன் ஃபியூஸ்களைப் பிடுங்கிவிட்டு உள்ளே போயிருக்கிறான். நான் திரும்பி வரும்போது தை மாதத்தில் வரக் கூடாத மேகம் மேற்கே கட்டிக்கொண்டு நிற்கிறது. களத்தில் சோளம் மலையாகக் கிடக்கிறது. கொண்டுவந்த விவசாயிகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். நனைந்தால் முளைத்துப்போகும், அவர்கள் வயிறு எரியத்தானே செய்யும். முதலாளி மாடியிலிருந்து என்னைப் பார்த்து, "பழனிச்சாமி, ரெண்டாவது ஏனுங்க நிக்குது?" என்று கத்துகிறார்.

பேனலுக்குப் போனேன். ஃபியூஸ் இருக்க வேண்டிய மூன்று குழியும் காலி. ஆணியைப் பார்த்தேன். ஆணியும் காலி. அடைப்பை எடுத்துவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு தன் ஒருவேளைச் சாப்பாட்டுக்குப் போய்விட்டான், ஃபியூஸைப் பையிலேயே மறந்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். "சாமி!" என்று ஒரு தடவை கூப்பிட்டேன். முதல் டிரையரின் புளோயர் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பின்பக்கம் போய்ப் பார்க்க முப்பது அடி நடக்க வேண்டும். நடக்கவில்லை. டிராயரைத் திறந்து உபரி ஃபியூஸை எடுத்து மாட்டி, பச்சைப் பொத்தானை அமுக்கினேன்.

மோட்டார் முக்கிவிட்டு நின்றது. இன்னும் அடைப்பு இருக்கிறது போல என்று நினைத்தேன். மறுபடியும் அமுக்கினேன்.

அதற்கு மேல் அதை எழுத மாட்டேன். பின்பக்கம் இருந்த லோடுமேன்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். அவனை எடுத்து ஒரு வேனில் போட்டுக்கொண்டு போனார்கள். மடத்துக்குளம் தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

எல்லோரும் வேனுக்குப் பின்னால் ஓடிவிட்டார்கள். பேனல் முன்னால் நான் மட்டும் நின்றிருந்தேன். அப்போதுதான் அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆபீஸ் ரூமுக்குள் போனேன். முருகன் படத்துக்கு முன்னால் பச்சைச் சட்டை நாலாக மடித்து இருந்தது. அதன்மேல் மூன்று ஃபியூஸும் வரிசையாக இருந்தன. மூன்றிலும் விபூதி பூசியிருந்தான்.

நான் அந்த விபூதியைத் துடைத்தேன். துடைத்துக் கொண்டுபோய்ப் பேனலில் மாட்டினேன். என் ஃபியூஸ்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் வாய்க்காலில் எறிந்தேன். எவ்வளவு நிதானமாகச் செய்தேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு என்னைப் பார்த்துப் பயம் வருகிறது. பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருந்தோம், அதனால்தான் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். ஜெயிலுக்குப் போக வேண்டிவருமே என்ற பயம். அவ்வளவுதான்.

விசாரணைக்கு வந்த அதிகாரி மரியாதையான ஆள். என்னை உட்கார வைத்துக் கேட்டார்.

"ஃபியூஸை எடுக்காமலே உள்ளே போயிருக்கிறாரா?"

"ஆமாங்க."

"ஆணியில் சட்டை மாட்டும் வழக்கம் உண்டா?"

"உண்டுங்க. அன்னிக்கு மாட்டலீங்க."

எழுதிக்கொண்டார். மில்லிலேயே ஜாக்கிரதையான ஆள், தன் அஜாக்கிரதையால் செத்தான் என்று காகிதத்தில் ஏறிவிட்டது. தேவசகாயத்துக்கு யாரோ தகவல் சொல்லியிருக்கிறார்கள். ஊரிலிருந்து ஃபோன் செய்தார். "ஃபியூஸு எங்க இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். "பேனல்ல இருந்துச்சுங்க" என்றேன். ஃபோனை வைத்துவிட்டார். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவே இல்லை. சில வருடம் கழித்து இறந்துபோனார் என்று கேள்விப்பட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது சரஸ்வதி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். ஆபரேஷன் செய்த உடம்பு. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்கண்ணா, ஃபியூஸப் புடுங்காமயே உள்ள போயிட்டாருன்னு சொல்றாங்களே, நெசமுங்களா? அவரு ஊட்டுல பல்பு மாத்தறதுக்கே மெயினை ஆஃப் பண்ற மனுசனுங்க. மறந்திருப்பாருங்களா?"

அவள் எதையும் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டாள். உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த வாசல் அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஒருவேளச் சோறு தின்னுட்டு வெயில்ல வேல செஞ்சாரு, அம்மிணி. பசி மயக்கத்துல மறந்திருப்பாரு."

ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னதாகத்தான் நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று தெரிந்தது. அந்த விரதம் அவளுக்காக இருந்தது. அவள் பிழைத்ததற்காக அவன் பட்டினி கிடந்தான், பட்டினியால் மறந்தான், மறந்ததால் செத்தான் என்று ஒரு நொடியில் அவளுக்குள் கணக்கு முடிந்துவிட்டது. "அப்ப நாந்தானுங்க கொன்னுட்டேன்" என்றாள். அழவில்லை. நான் "சேச்சே" என்றேன். அதைச் சொல்லிவிட்டுப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டும் வந்தேன்.

அதற்குப் பிறகு நான் வேலையில் இருந்த வரைக்கும் யாரையும் ஃபியூஸை அரைஞாணில் கட்டாமல் உள்ளே விட்டதில்லை. ஆணியைப் பிடுங்கி எறிந்தேன். எல்லோரும் என்னைக் கண்டிப்பான ஃபோர்மேன் என்றார்கள். பிரிவு உபசார விழாவில் அதைச் சொல்லித்தான் மாலை போட்டார்கள். கழுத்து அறுபடுகிற மாதிரி இருந்தது.

சரஸ்வதி ஒவ்வொரு தையிலும் பழனிக்கு நடக்கிறாள். அவன் நடக்காமல் விட்ட நடையை முடித்து வைக்கிறாளாம். ஒரு தடவை நடந்தால் போதாதா என்று அவள் சொந்தக்காரர்களே கேட்டுப் பார்த்துவிட்டார்கள். மற்ற நாளெல்லாம் வேனில் திருப்பூருக்குப் போய்ப் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் நிற்கிறாள். நின்று நின்று முட்டி போய்விட்டது. அந்த முட்டியோடு, உடுமலைப்பேட்டையிலிருந்து செருப்பில்லாமல் நடக்கிறாள். மடத்துக்குளத்தில் என் வீடு அந்தச் சாலையிலேயே இருக்கிறது. வருகிறவர்களுக்கு நான் மோர் ஊற்றுகிறேன். எல்லோரும் குடிப்பார்கள், அவள் தண்ணீர் மட்டும் குடிப்பாள். அவன் அன்று வெறும் வயிற்றோடு இருந்தானாம்.

போன தைக்கு அவள் வந்தபோது நடக்க முடியாமல் ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்தாள். பாதம் வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். என் மனைவி உள்ளே இருந்தாள். யார் கேட்டாலும் கேட்கட்டும் என்று அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சட்டை, சாமி படம், விபூதி, டிராயர், பச்சைப் பொத்தான், இரண்டாவது தடவை அமுக்கினது, வாய்க்கால் எல்லாம். "அவரு எதையும் மறக்கல அம்மிணி. நாந்தான் மறந்தேன். பசி மயக்கம்னு சொன்னதும் நா கட்டுன கதை. நீ நடக்க வேண்டாம். செருப்பப் போட்டுக்க, தாயி" என்று அவள் காலைத் தொடப் போனேன்.

அவள் பதறிக் காலை இழுத்துக்கொண்டாள். கோபப்படுவாள், காறித் துப்புவாள், சபிப்பாள் என்று காத்திருந்தேன். அதற்காகத்தான் ஏங்கினேன் என்றுகூடச் சொல்லலாம்.

"எங் கால்ல ரத்தத்தப் பாத்துட்டுச் சொல்றீங்கண்ணா" என்றாள். "நா நடக்கறத நிறுத்தோணும்னு எங்க தம்பியும் என்னென்னமோ சொல்லிப் பாத்தானுங்க. ஆனா உங்கள மாதிரி பழியத் தூக்கித் தன் தலைல போட்டுக்கிட்டவங்க யாருமில்லீங்க. அன்னிக்கு காரியத்தன்னிக்கே நீங்க உள்ளதச் சொல்லிட்டீங்க. அதுதானுங்க நெசம்."

"இல்ல அம்மிணி, சத்தியமா…"

"சத்தியம் பண்ணாதீங்கண்ணா. உங்க பேரப் பிள்ளைக இருக்குதுக."

நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். கூட வந்தவர்கள் கொஞ்ச தூரம் போய்விட்டிருந்தார்கள். தண்ணீர் குடித்த டம்ளரைக் கழுவித் திண்ணைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"மலையில உங்க பேருக்கும் ஒரு அர்ச்சன பண்ணிட்டு வாரனுங்க. என்ன நட்சத்திரமுங்க?" என்றாள்.

சொன்னேன்.